மான்தோல் மிட்டன்ஸ்: ஒரு பனிக்காலத்துக் கைவேலை

இரண்டாவது ஜோடி சரியாக வந்துவிட்டது. மைனஸ் 14 டிகிரியில், வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் பனி அள்ளினேன். விரல் மரத்துப்போகவில்லை, பெருவிரல் இடுக்கில் தையல் உறுத்தவில்லை, நூல் எங்கும் விடவில்லை. அளவுகளும் செலவுக் கணக்கும் இன்னும் நோட்டில் பென்சில் எழுத்தாகவே இருக்கின்றன. அவை அழிந்துபோவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

மிட்டன்ஸ் என்றால் நான்கு விரலும் ஒரே பைக்குள், பெருவிரல் மட்டும் தனியாக இருக்கும் கையுறை. விரல்கள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால், விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிடச் சூடு நன்றாக நிற்கும். கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் மான்தோலால் வெளியுறையும் உள்ளே கழற்றி மாட்டும் கம்பளி உறையுமாக இதைச் செய்வார்கள். காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் போட்டுப் பழக்கப்படுத்திய வடிவம். அதைத்தான் நான் செய்ய நினைத்தேன்.

அதற்கு முன் எனக்குத் தெரிந்த தோல்வேலை எல்லாம் பர்ஸ், பெல்ட், சாவி உறை. கெட்டியான, தாவரச்சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல். ஊசி இரண்டு, குத்தூசி ஒன்று, இருபக்கத் தையல், ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்குவது. கற்றுக்கொள்ளும் வழி எல்லாமே அந்தப் பக்கம்தான் போகிறது. இணையத்தில் தோல்வேலை என்று தேடினால் வருகிற வீடியோக்களில் பெரும்பாலானவை பர்ஸ் செய்யச் சொல்லித் தருபவை. நூலகத்தில் எடுத்த ஆல் ஸ்டோல்மனின் கைத்தையல் புத்தகம் 1977-இல் வந்தது. கையால் வரைந்த படங்களோடு, குத்தூசியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பது வரை விளக்குகிறது. இன்றைக்கும் அதைவிடத் தெளிவாக இருபக்கத் தையலைச் சொல்லித் தருவதை நான் பார்க்கவில்லை. ஆனால் அதெல்லாம் குதிரைச் சேணம் தைக்கிறவர்களிடமிருந்து வந்த கலை. கையில் துணி மாதிரி துவளும் 1.2 மில்லிமீட்டர் மான்தோலுக்கு அதில் பாதி உதவாது.

இதை எனக்குச் சொன்னது டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் ஓர் அக்கா. தோல்வேலைக்கான ஒரு வார இறுதி வகுப்பில் அறிமுகமானவர். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே தையல் படித்து, இங்கே வந்து பல வருடம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது பொழுதுபோக்காகத் தோல்பைகள் தைக்கிறார். 2025 பிப்ரவரி நடுவில் டொராண்டோ பகுதியில் அடுத்தடுத்து இரண்டு பெரிய பனிப்புயல்கள் வந்தன. முதலாவதை அள்ளி முடிப்பதற்குள் அடுத்தது கொட்டியது. நான் இருக்கும் மிசிசாகாவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஸ்கார்பரோ போவதை அந்த நாட்களில் நினைத்தே பார்க்க முடியாது. அதனால் எல்லாப் பேச்சும் வீடியோ அழைப்பில்தான். அவர் பக்கம் ஒரு பை, என் பக்கம் மிட்டன். போனைச் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் தைத்துக்கொண்டே பேசுவோம். என்ன வீடியோ பார்த்தாய், எது உருப்படியாக இருந்தது, வெளியே எத்தனை சென்டிமீட்டர் விழுந்திருக்கிறது, இப்படியே போகும்.

நான் இணையத்தில் கண்டதை எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் சொன்னார்: "தம்பி, இது தோல் வேலை இல்லை, தையல் வேலை. பெல்ட் தைக்கிற ஆக்களிட்டக் கேட்டால் பெல்ட் தைக்கத்தான் சொல்லித் தருவினம். நீங்கள் ஒரு பழைய மிட்டனை வாங்கித் தையலைப் பிரிச்சுப் பாருங்கோ."

பழைய பொருள் கடையில் 6 டாலருக்கு ஒரு ஜோடி கிடைத்தது. உள்ளங்கை தேய்ந்து ஓட்டை விழுந்தது. தையல் பிரிப்பானால் ஒரு கையை முழுதாகப் பிரித்து, துண்டுகளை ஈரத்துணிக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கி, அட்டையில் வரைந்துகொண்டேன். இந்தப் பனிக்காலத்தில் நான் படித்ததிலேயே சிறந்த பாடநூல் அதுதான். தைப்பதற்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், எந்த இடத்தில் நூலை இரட்டித்திருக்கிறார்கள், தையலுக்கு நடுவே ஒரு மெல்லிய தோல்நாடாவை எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. தேய்மானமும் பாடம்தான். பெருவிரல் அடியும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டும்தான் முதலில் போயிருந்தன.

ஆனால் அட்டை வரைந்த கையோடு நான் அதை வைத்து வெட்டவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பேட்டர்ன் இன்னும் எளிதாகத் தெரிந்தது: புறங்கைக்கு ஒரு துண்டு, உள்ளங்கைக்கு மேலும் கீழுமாக இரண்டு துண்டு, பெருவிரல் அந்த இரண்டிலும் பாதிப் பாதி. வளைவும் நேர்கோடும்தான், மூன்றே துண்டு. முதல் ஜோடி அப்படித்தான் பிறந்தது. அதில் என்னென்ன சரியில்லாமல் போனது என்று வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது ஜோடியின் ஒவ்வொரு அளவும் அதிலிருந்து வந்ததுதான்.

அச்சிடுவதிலேயே ஒரு சிக்கல். பேட்டர்ன் ஏ4 தாளுக்கு வரைந்தது, இங்கே பிரிண்டரில் இருப்பது லெட்டர் தாள். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பு தானாகவே வேலை செய்து எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கிவிடும். நல்ல பேட்டர்ன்களில் ஓரத்தில் ஓர் அங்குலச் சதுரம் வரைந்திருப்பார்கள். அச்சிட்டதும் அதை ஸ்கேலால் அளக்க வேண்டும். சரியாக 25.4 மில்லிமீட்டர் வராவிட்டால் கத்தரியை எடுக்கவே கூடாது.

அடுத்தது சுற்றளவு. பெருவிரலை விட்டு, முட்டிகளைச் சுற்றி என் கை 21.5 சென்டிமீட்டர். அதோடு இரண்டரை சென்டிமீட்டர் கூட்டி 24 என்று வைத்தேன். உள்ளே போகிற கம்பளி 4 மில்லிமீட்டர் தடிமன். அது கையைச் சுற்றி வரும்போது சுற்றளவில் அதுவே இரண்டரை சென்டிமீட்டரைத் தின்றுவிடுகிறது. அப்புறம் கை அசைய இடம் எங்கே? முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றபோது, கடையில் வாங்கிய சாதாரணக் கையுறையைவிட அதிகமாகக் குளிர்ந்தது. கம்பளி சூடு தருவதில்லை. அதற்குள் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நசுங்கிய கம்பளியில் காற்று இல்லை. இரண்டாவது ஜோடிக்கு உள்சுற்றளவு 26.5 வைத்தேன். கையைச் சிரமமில்லாமல் மடக்கவும் முடிகிறது, உள்ளே ஒரு மெல்லிய காற்றுப்படலமும் இருக்கிறது. நீளத்துக்கு நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை 19, நுனியில் ஒன்றரை, கோட்டுக் கையின் மேல் ஏறி நிற்க 9, ஆக 29.5 சென்டிமீட்டர்.

மூன்றாவது விஷயத்துக்குத்தான் ஊருக்குப் போன் போட வேண்டியிருந்தது. முதல் ஜோடியில் வலது கை போடப் போட நீண்டுகொண்டே போனது. விரல்நுனிக்கு மேல் வெற்றுத்தோல் தொங்கியது. இடது கை அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே தோல், ஒரே பேட்டர்ன்.

எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. என் மாமா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பல வருடம் தோல் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். ஆட்டுத்தோல் ஜாக்கெட் லெதரைக் கையால் தடவியே எந்த இடத்துத் துண்டு என்று சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் பழைய நாளிலிருந்தே ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் பேர் உண்டு. ஆனால் இந்த வேலைக்கு அது விறைப்பு. மாமாவுக்குத் தெரிந்த ஜாக்கெட் லெதர்தான் மான்தோலுக்கு நெருங்கிய சொந்தம். வீடியோவில் தோலை விரித்துக் காட்டினேன்.

"மாப்ளே, முதுகெலும்புக் கோடு எங்க இருக்குன்னு முதல்ல பாரு. அந்தக் கோட்டோட இழு. இப்ப குறுக்க இழு. எது அதிகமா வருது?"

குறுக்கேதான் அதிகமாக வந்தது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கழுத்திலிருந்து வால் வரை போகிற திசையில் தோல் அவ்வளவாக இழுபடுவதில்லை. வயிற்றிலிருந்து வயிற்றுக்குப் போகிற குறுக்குத் திசையில் ரப்பர் மாதிரி வருகிறது. கையுறையில் அந்த இழுவை கையின் அகலத்துக்கு வர வேண்டும், நீளத்துக்கு வரக் கூடாது. விரல்நுனிகள் முதுகெலும்புக் கோட்டுக்கு இணையாகப் பார்க்கும்படி எல்லாத் துண்டுகளையும் வைக்க வேண்டும். தோலை மிச்சப்படுத்துவதற்காக வலது கைத் துண்டுகளை நான் குறுக்கே படுக்க வைத்து வெட்டியிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். மாமா இன்னொன்றும் சொன்னார்: இடது கையும் வலது கையும் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் எதிரெதிரே, ஒரே உயரத்திலிருந்து வர வேண்டும். அப்போதுதான் தடிமனும் இழுவையும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும். கழுத்துப் பகுதி தடிப்பு, வயிறு தொளதொளப்பு. முதுகின் நடுப்பகுதியை மிட்டனுக்கு எடுத்துக்கொண்டு மற்றதைப் பெருவிரல், நாடா போன்ற சின்னத் துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முழுத் தோல் ஏறக்குறைய 9 சதுர அடி. விலை 110 டாலர், ஒன்டாரியோவின் 13 சதவீத வரியோடு 124.30. தடிமன் 3 அவுன்ஸ் என்று போட்டிருந்தது. தோல் வியாபாரத்தில் ஓர் அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, அதாவது 0.4 மில்லிமீட்டர். எனக்கு வந்த தோல் முதுகில் 1.2, கழுத்தில் 1.6 காட்டியது. காட்டு மான் என்பதால் முள் கீறலும் உண்ணிக் கடித் தழும்பும் இருக்கும். தோலுரித்தபோது கத்தி பட்ட வெட்டு சதைப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்ட பிறகே பேட்டர்னை வைத்தேன். கீறல்களைத் தவிர்க்கவில்லை, அவை தோலுக்கு அழகுதான். வெட்டுகளைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இழுபடும்போது அங்கேதான் முதலில் கிழியும்.

பார்சல் வந்த அன்று வெளியே மைனஸ் 18. பல மணி நேரம் வாசலில் கிடந்திருக்கிறது. தோலை உடனே விரிக்காமல், சுருட்டிய நிலையிலேயே உள்ளே வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட்டேன். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே பெட்டியில் வந்த, தண்ணீர் கலந்த பசைதான் உறைந்து, பின் உருகி, தயிர் திரிந்த மாதிரி கட்டிகட்டியாக நின்றது. எவ்வளவு கலக்கியும் சேரவில்லை. தண்ணீர் அடிப்படையிலான பசையையும் அக்ரிலிக் பூச்சுகளையும் இங்கே நவம்பருக்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும், அல்லது கடைக்கே போய் எடுத்து வர வேண்டும். ஆவி பறக்கும் ரப்பர் பசைக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும், இந்தக் குளிரில் அது முடியாது. கடைசியில் பசையே இல்லாமல், துணி தைப்பவர்கள் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகளோடு வேலையை முடித்தேன். குண்டூசி கூடாது. தோலில் விழுந்த ஓட்டை துணியில் போல மூடிக்கொள்ளாது.

ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்றின் ஈரப்பதம் 22 சதவீதம் வரை இறங்கியது. கெட்டித் தோலில் வடிவம் அச்சடிக்கிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு, நனைத்த தோல் கண்முன்னே காய்ந்துவிடும். அக்கா அப்போது ஒரு பையின் மூடியில் தாமரை செதுக்கிக்கொண்டிருந்தார். நனைத்த தோலை இரவு முழுவதும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, வேலை செய்யாத பகுதியை ஈரத்துணியால் மூடியே சமாளித்தார். மான்தோலுக்கு நனைக்கும் வேலையே இல்லை. பனிக்காலத்துக்கு இதைவிடத் தோதான தோல்வேலை இல்லை என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். சுத்தியல் சத்தமும் கிடையாது. பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிரும் டவுன்ஹவுஸில் ராத்திரி பதினொரு மணிக்குத் தையல் துளை அடிக்க முடியாது. இதை அடிக்கவே வேண்டாம்.

வெட்டுவதற்குக் கத்தி சரிப்படவில்லை. மெல்லிய தோல் கத்தியோடு சேர்ந்து இழுபட்டு ஓரம் அலையலையாக வந்தது. 45 மில்லிமீட்டர் சுழல்கத்தி, புது பிளேடு, பேட்டர்ன் மேல் இரண்டு கனமான டப்பா, இதுதான் சரி. உள்வளைவுகளுக்கு மட்டும் நல்ல கத்தரி. குறிப்பது எப்போதும் சதைப்பக்கத்தில். மேல்பக்கத்தில் வெள்ளிப்பேனா பட்டால் மான்தோலிலிருந்து போகவே போகாது.

பேட்டர்னுக்குக் கடைசியில் அந்த 6 டாலர் மிட்டனுக்கே திரும்பினேன். இணையப் பேட்டர்னில் உள்ளங்கையின் குறுக்கே ஒரு தையல் ஓடும். பனிவாரியின் கைப்பிடியைப் பிடித்து அழுத்துகிற அதே இடம். பத்து நிமிடத்தில் உறுத்த ஆரம்பித்துவிடும். பழைய மிட்டனில் உள்ளங்கை ஒரே துண்டு. அதில் பெருவிரலுக்காக ஆங்கில யூ வடிவில் ஒரு வெட்டு. யூவின் அடிவளைவு மணிக்கட்டைப் பார்க்கும், திறந்த பக்கம் விரல்நுனியைப் பார்க்கும். அந்த நாக்கை மேலே தூக்கினால் அதுவே பெருவிரலின் உட்பக்கம் ஆகிவிடுகிறது. வெளிப்பக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு வெட்டி, நாக்கைச் சுற்றியும் நாக்கு எழுந்த பள்ளத்தைச் சுற்றியும் தைக்க வேண்டும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே, அதிகம் வேலை செய்கிற இடுக்கில், தையலே வராது. முழுத்தோல் மடிந்து நிற்கும். இந்த மாதிரி வெட்டைக் கண்டுபிடித்தவர்களை நினைத்து நான் நெடுநேரம் அந்தத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த நிலத்தின் பூர்வகுடிகளான க்ரீ, டெனே மக்கள் மூஸ் என்ற பெரிய மானின் புகையூட்டிய தோலில் மிட்டன் தைக்கிறார்கள். எங்களுக்கு இருப்பதுபோல் ஹீட்டர் எதுவும் இல்லாமலே இந்தக் குளிரைத் தாண்டியவர்கள் அவர்கள்.

பெருவிரல் தையல்தான் மொத்த வேலையின் உயிர். யூவின் இரண்டு முனைகளிலும் 2 மில்லிமீட்டர் வட்டத் துளை போட்டேன். வெட்டு கூர்மையாக முடிந்தால் அங்கிருந்து கிழிசல் ஓடும், வட்டத்தில் முடிந்தால் நின்றுவிடும். அடுத்து வெளித்துண்டின் ஓரம். அது பள்ளத்தின் ஓரத்தைவிட 6 மில்லிமீட்டர் நீளமாக இருந்தது. நான் தப்பாக வரைந்துவிட்டேன் என்று நினைத்து அதைக் குறைக்கப் போனேன். அக்கா தடுத்துவிட்டார்.

"வெட்டாதேங்கோ தம்பி! சட்டைக்குக் கை வைக்கேக்க கைத்துண்டு தோள்வளைவைவிடப் பெரிசாத்தானே இருக்கும்? அந்த மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுக் குடுங்கோ. அது இல்லாட்டிப் பெருவிரலை மடக்கேலாது."

சட்டைக்குக் கை வைக்கிற அதே வேலைதான். வெளித்துண்டிலும் பள்ளத்திலும் நடுப்புள்ளி, கால்புள்ளி, முக்கால்புள்ளி குறித்து, புள்ளியோடு புள்ளி சேர்த்து கிளிப் மாட்டினேன். கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம். நீளமான துண்டைக் கீழே, ஆட்காட்டி விரலின் மேல் வளைத்து வைத்துத் தைத்தால் வளைவே அந்த மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. யூவின் ஒரு முனைத் துளையில் தொடங்கி, நாக்கின் நுனியைச் சுற்றி மறுமுனைக்கு வந்து, நூலை அறுக்காமல் அங்கிருந்தே பள்ளத்தைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். அந்த இரண்டு முனைகளிலும் மூன்று முறை ஊசியை ஓட்டி இறுக்கினேன்.

ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையுறைக்காரர் ஊசி என்று விற்கிறது, முனை முக்கோணமாக மூன்று கூர் விளிம்போடு இருக்கும். தோலைக் குத்துவதோடு அறுத்துக்கொண்டும் போகும். அதனால் துளை முன்கூட்டிப் போட வேண்டாம். ஆனால் இழுக்கும்போது பக்கவாட்டில் சாய்த்தால் துளை நீண்டு கிழிசலாகிவிடும், நேராக மட்டுமே இழுக்க வேண்டும். ஓட்டுத்தையல் ஒரு பக்கம் போய், அதே துளைகளில் திரும்பி வந்து இடைவெளியை நிரப்புவதுதான் நான் எடுத்த தையல். முதல் ஜோடியில் திரும்பி வரும்போதும் அதே ஊசியைப் பயன்படுத்தினேன். முக்கோண முனை உள்ளே இருந்த நூலையே அறுத்துவிட்டது. வெளியே பார்த்தால் தெரியவில்லை, போட்ட இரண்டாம் நாள் சுண்டுவிரல் பக்கம் பிரிந்து வந்தது. இரண்டாவது ஜோடியில் போகும்போது முக்கோண ஊசி, திரும்பும்போது மழுங்கிய முனை ஊசி. இருக்கிற துளையில்தானே போகப்போகிறது, கூர் வேண்டாம். நூல் 0.6 மில்லிமீட்டர் மெழுகிட்ட பாலியஸ்டர். 0.8-ஐயும் சோதித்தேன், இந்த மெல்லிய தோலில் அது புடைத்துக்கொண்டு நின்றது. தையலுக்குத் தையல் 3 மில்லிமீட்டர், ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர். தைக்கும் நீளத்துக்கு நான்கு மடங்கு நூல் எடுத்தேன், கொஞ்சம் மிஞ்சியது.

புறங்கையையும் உள்ளங்கையையும் சேர்க்கும் சுற்றுத்தையலில் நடுவே 8 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தோல்நாடா கொடுத்தேன். திருப்பிப் போட்டதும் அது இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வரப்பு போல எழுந்து, தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொண்டு நூலைக் காப்பாற்றும். நாடாவும் முதுகெலும்புத் திசையில் வெட்டியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தைக்கும்போது அது மட்டும் நீண்டு சுருங்கும். விரல்நுனி வளைவில் மூன்று அடுக்குத் தோல் சேர்ந்து குண்டாகிவிடும். அங்கே நாடாவில் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டிவிட்டேன். திருப்புவதற்கு மரக்கரண்டியின் மழுங்கிய காம்பு. பிறகு உள்ளிருந்து எலும்புத் தேய்ப்பானால் தையலை அழுத்தித் தடவினால் படிந்துவிடுகிறது.

உள்ளுறைக்கு வாங்கிய முதல் ஸ்வெட்டர் 7 டாலர் வீண். நூறு சதவீதம் கம்பளி என்று போட்டிருந்ததைப் பார்த்தேன், "மெஷினில் துவைக்கலாம்" என்பதைக் கவனிக்கவில்லை. அப்படிப் போட்டிருந்தால் கம்பளி இழையின் செதில்கள் பின்னிக்கொள்ளாதபடி பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எவ்வளவு வெந்நீரில் துவைத்தாலும் இறுகாது. "கையால் மட்டும் துவைக்கவும்" என்று எழுதியிருக்கிற ஸ்வெட்டரைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தது 8 டாலர். அதிசூட்டு நீரில், இரண்டு டென்னிஸ் பந்துகளோடு போட்டதில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கி, வெட்டினாலும் நூல் பிரியாத கெட்டிக் கம்பளமாக வந்தது. இதிலும் அக்காவின் கைப்பக்குவம்தான்: கம்பளித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைக்காமல், ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து மேலால் சுற்றித் தைக்கச் சொன்னார். உள்ளே வரப்பு இல்லாமல் தட்டையாக இருக்கிறது. உள்ளுறையைத் தோலோடு தைத்துவிடவில்லை. வேலை முடிந்ததும் உருவி ஹீட்டர் பக்கத்தில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். தோல் உறையை அங்கே வைக்கக் கூடாது, அது மெதுவாக அறைக்காற்றில் காய வேண்டும். மான்தோல் நனைந்து காய்ந்தாலும் மென்மையாகவே காய்கிறது, லேசாகக் கசக்கினால் போதும்.

தேன்மெழுகை முதல் ஜோடி முழுக்க உருக்கித் தேய்த்திருந்தேன். நிறம் கறுத்தது, கடுங்குளிரில் மெழுகு இறுகிப் புறங்கை அட்டை மாதிரி ஆனது. இந்த முறை உள்ளங்கைக்கும் பெருவிரலுக்கும் மட்டும் மெல்லிசாக, ஹேர் டிரையர் சூட்டில் ஊறவிட்டேன். ஈரப்பனி படுவது அங்கேதான். தண்ணீரே புகாத தையலைப் பார்க்க வேண்டும் என்றால் டொராண்டோவில் பாட்டா காலணி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். புளோர் தெருவில் 1995-இல் திறந்த கட்டடம். ஆர்க்டிக் மக்களின் காலணிகளை அங்கே கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம். இனுயிட் பெண்கள் சீல் தோலைத் தைக்கையில் ஊசி ஒரு தோலின் பாதித் தடிமன் வரைதான் போகும், மறுபக்கம் வெளியே வராது. துளையே ஊடுருவாததால் தண்ணீருக்கு வழி இல்லை. அதை என் மான்தோல் துண்டுகளில் முயன்றேன். இழைகள் தொளதொளவென்று இருப்பதால் பாதித் தடிமனில் நூல் நிற்காமல் கிழித்துக்கொண்டு வந்தது. அதற்கு இறுக்கமான தோலும், சிறு வயதிலிருந்து பழகிய கையும் வேண்டும். அவர்கள் வேலையின் மேல் இருந்த மதிப்பு அன்று இன்னும் கூடியது.

செலவு மொத்தம் ஏறக்குறைய 166 டாலர்: தோல் 124.30, நூல் 14, ஊசிகள் 7, இரண்டு ஸ்வெட்டர் 15, பிரித்துப் பார்த்த பழைய ஜோடி 6. கத்தி, கிளிப், மெழுகு ஏற்கெனவே இருந்தவை. இதைவிடக் குறைந்த விலைக்குக் கடையில் நல்ல மான்தோல் மிட்டன் கிடைக்கும். ஆனால் என் கை அளவுக்கு வெட்டியது, எங்கே பிரிந்தாலும் நானே தைக்கத் தெரிந்தது, அந்த ஒரு ஜோடிதான்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு, வீடியோவில் கையசைவைப் பாருங்கள், பாதி வேகத்தில் ஓடவிட்டு. அளவை அதில் தேடாதீர்கள். மென்தோல் வேலைக்கு, பக்கத்தில் ஜாக்கெட்டோ பிளவுஸோ தைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவர்தான் முதல் ஆசிரியர். தோல்வேலை வகுப்பு அதற்குப் பிறகு போதும்.

அடுத்த ஜோடியில் மாற்றப்போவது மூன்று. மணிக்கட்டில் இழுத்துக் கட்ட ஒரு தோல்வார் வேண்டும், இப்போது பனி அள்ளி வீசும்போது பொடி உள்ளே போகிறது. ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் இன்னொரு அடுக்கு ஒட்டுத்தோல், தைப்பதற்கு முன்பே. அப்புறம் கழுத்தைச் சுற்றிப் போகும் ஒரு நீளக் கயிறு, இரண்டு மிட்டனையும் சேர்த்துக் கட்டியது. வடக்கே காலங்காலமாகப் போடுவது. சாவி தேடக் கழற்றினால் பனியில் விழாமல் தொங்கும். தோலில் மீதி இருப்பது இரண்டு சதுர அடிக்குக் கொஞ்சம் அதிகம், அதிலும் வயிற்றுப்பகுதிதான் நிறைய. பெரியவர் கைக்கு ஆகாது. மகளின் கை சுற்றளவு 15 சென்டிமீட்டர். கழுத்துப்பக்கம் மிஞ்சிய துண்டில் உள்ளங்கைகளை எடுத்துவிட்டால் அவளுக்கு ஒரு ஜோடி வந்துவிடும். அட்டையை நேற்று வெட்டி வைத்தேன், தோல் மேல் வைத்துப் பார்த்தேன், சரியாக உட்காருகிறது.